பேருக்கு வழக்கு, புரிக்கு வழக்கில்லை

இரண்டு லென்ஸ்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே கண்ணாடி, ஒரே கணக்கு. ஒன்றின் முன்வளையத்தில் 'கார்ல் சைஸ் யேனா, டெஸ்ஸார்' என்று முழுப்பேரும் பொறித்திருக்கும். மற்றதில் 'அவுஸ் யேனா, டி' என்று மட்டும் இருக்கும். அவுஸ் யேனா என்றால் 'யேனாவிலிருந்து'. டி என்பது டெஸ்ஸாரின் முதல் எழுத்து. பழைய ஃபிலிம் கமெராச் சாமான் விற்கிறவர்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். விசயம் தெரியாத ஆள் இரண்டாவதைப் பார்த்து 'இது டூப்ளிகேட் தானே' எண்டு கேட்கும். உண்மையில் அதுவும் அசல்தான். மேற்கு நாடுகளுக்குக் கப்பலேறும் போது தன்ர சொந்தப் பேரைச் சொல்ல அனுமதியில்லாத அசல்.

ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கதைக்கப் போகிறோம். அதற்கு முதல் கொஞ்சம் கமெராவுக்குள்ள போய்வர வேண்டும்.

எஸ்.எல்.ஆர். கமெராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கும். லென்ஸால் வருகிற வெளிச்சத்தை அது மேலே திருப்பி எங்கட கண்ணுக்குக் காட்டும். பட்டனை அமத்தினால் மேலே எழும்பி வழிவிடும். இதனால் எந்த லென்ஸைப் பூட்டினாலும் அந்த லென்ஸ் பார்க்கிறதையே நாங்களும் பார்க்கலாம். பக்கத்தில் தனி ஜன்னல் வைத்துப் பார்க்கிற கமெராக்களில் நீண்ட லென்ஸைப் போட்டால் பார்வைக்கும் படத்துக்கும் பொருத்தம் பிடிப்பது பெரும்பாடு. லென்ஸை மாற்றி மாற்றிப் போடுவது எஸ்.எல்.ஆருடன்தான் உண்மையாகவே வசதியான வேலையாகியது.

பூட்டுகிற இடத்தில் இரண்டு வழி உண்டு. வீட்டு மின்குமிழை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டு பக்கமும் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும், அமத்தித் திருப்ப வேண்டும். மற்றது புரி போட்டது, சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டும். லென்ஸ்களும் அப்படித்தான். முதல் வகைக்குப் பயோனெட் என்று பேர். இரண்டாவது வகையில் மிகப் பிரபலமானது எம்42: 42 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்வு, பூட்டும் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. இந்த மூன்று எண்ணும் தெரிந்த எந்தப் பட்டறையும் லென்ஸ் செய்யலாம். கட்டுரை முழுக்க வரப்போவது இந்தப் புரிதான்.

கதை தொடங்குவது ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில். ஒல்லாந்து நாட்டவரான யொஹான் ஸ்டீன்பேர்கன் அங்கே நடத்திய இஹாகே நிறுவனம் 1936இல் கினே எக்ஸாக்டா என்ற 35 மி.மீ. எஸ்.எல்.ஆரை வெளியிட்டது. அதற்குச் சொந்தமாக ஒரு பயோனெட். அதே நகரில் கே.டபிள்யூ. என்ற சின்ன நிறுவனம் 1939இல் ப்ராக்டிஃப்ளெக்ஸைக் கொண்டுவந்தது, அதில் 40 மி.மீ. புரி. மூன்றாவதாக பெரிய ஆள், சைஸ் இகோன். லென்ஸ்களின் தாய்வீடான கார்ல் சைஸ் இருந்தது யேனா நகரில்.

கமெரா வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் மொடல் இலக்கங்களுக்குள் ஓடிவிடுவார்கள். மனிசரைப் பற்றி ஒரு வரி இருந்தால் பெரிய விசயம். சைஸ் இகோனின் தலைவராக இருந்த இமானுவேல் கோல்ட்பெர்க் ஒரு யூதர். 1933இல் நாஜிகள் அவரைக் கடத்திக் கொண்டுபோனார்கள். விடுபட்டபின் அவர் ஜேர்மனியை விட்டே போய்விட்டார். கே.டபிள்யூவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பவுல் குதேயும் யூதர், அவரும் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. மிஞ்சிய பங்காளி பென்னோ தோர்ஷ், அமெரிக்காவில் படம் கழுவும் தொழில் நடத்திய சார்ல்ஸ் நோபிள் என்பவருடன் தொழிலை மாற்றிக்கொண்டு அங்கே போய்விட்டார். நோபிள் குடும்பம் ட்ரெஸ்டனுக்கு வந்தது. யார் எந்தத் திசையில் தப்பினார்கள் என்று யோசித்தால் தலை சுற்றும்.

போர்க்காலத்தில் ட்ரெஸ்டனில் மிஞ்சியிருந்த யூதர்கள் சைஸ் இகோனின் கோஹ்லே ஆலையில் கட்டாய வேலை செய்தார்கள். ஹெல்லர்பெர்க் என்ற முகாமில் அடைத்து வைக்கப்பட்டு, 1943 மார்ச்சில் அவுஷ்விட்ஸுக்கு ஏற்றப்பட்டார்கள். 'கிளாசிக்' என்ற சொல்லை ஆளுக்காள் எறிந்து விளையாடுகிற லென்ஸ் உலகத்தில் இந்தப் பேர்களை நாங்கள் கண்டது மிகக் குறைவு.

1945 பெப்ரவரியில் குண்டுவீச்சு ட்ரெஸ்டனை எரித்தது. கமெரா ஆலைகளும் எரிந்தன. யேனாவை ஏப்ரலில் அமெரிக்கப் படை பிடித்தது. ஆனால் ஒப்பந்தப்படி அந்தப் பகுதி சோவியத்துக்குப் போக வேண்டியது. அதனால் வெளியேறுவதற்கு முதல் சைஸின் முக்கிய விஞ்ஞானிகளையும் பொறியியலாளர்களையும் குடும்பத்தோடு லொறிகளில் ஏற்றித் தெற்கு ஜேர்மனிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை வைத்துத்தான் ஓபர்கோஹனில் மேற்கு சைஸ் எழும்பியது. பிறகு வந்த சோவியத், ஆலையின் இயந்திரங்களைக் கழற்றியது. 1946இல் மிஞ்சிய நிபுணர்களிலும் ஒரு பகுதியைத் தன்ர நாட்டுக்குக் கொண்டுபோனது. மூளையை ஒருத்தன் எடுத்தான், இயந்திரத்தை இன்னொருத்தன் எடுத்தான். அப்படியும் யேனாவில் மிஞ்சிய தொழிலாளர்கள் திரும்பவும் லென்ஸ் அரைக்கத் தொடங்கினார்கள் என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

1949இல் ட்ரெஸ்டனிலிருந்து இரண்டு கமெராக்கள் வந்தன: கொன்டாக்ஸ் எஸ், ப்ராக்டிகா. இரண்டிலும் எம்42 புரி. கொன்டாக்ஸ் எஸ்ஸில் பென்டாப்பிரிசம் இருந்ததால் கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்தால் உருவம் இடம் வலம் மாறாமல் நேராகத் தெரிந்தது. பின்னால் வந்த எஸ்.எல்.ஆர்.களின் முகவெட்டு அதிலிருந்துதான்.

இனி வழக்கு. சைஸ் என்ற பேர் யாருடையது? மேற்கு ஜேர்மனி 'எங்கட' என்றது, கிழக்கும் 'எங்கட' என்றது. நீதிமன்றங்கள் நாட்டுக்கு நாடு வேறு வேறு மாதிரித் தீர்த்தன. கொன்டாக்ஸ் என்ற பேரிலும் சிக்கல் வந்தது. பென்டாப்பிரிசத்தையும் கொன்டாக்ஸையும் ஒட்டி 'பென்டகோன்' என்று புதுப்பேர் செய்து, அதே கமெராவை ஏற்றுமதி செய்தார்கள். பிறகு ட்ரெஸ்டனின் முழுக் கமெராத் தொழிலுக்கும் அந்தப் பேரே நிலைத்தது. லென்ஸ்களில் டெஸ்ஸார் 'டி' ஆகியது, பியோட்டார் 'பி' ஆகியது, சொன்னார் 'எஸ்' ஆகியது. 1971இல் லண்டனில் ஓர் உடன்பாடு செய்து, எந்த நாட்டில் யார் எந்தப் பேரில் விற்கலாம் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு இழுபறி!

பேருக்கு இவ்வளவு சண்டை நடக்கிற நேரம் புரியை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அது பாட்டுக்கு ஊர் ஊராய்ப் போனது.

ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1952இல் அசாஹிஃப்ளெக்ஸ் செய்தபோது 37 மி.மீ. புரி போட்டது. 1957இல் பென்டாக்ஸ் வரும்போது எம்42க்கு மாறியது. பிறகு யஷிகா, மாமியா, சினோன், ரிக்கோ, ஃபுஜிகா என்று வரிசையில் வந்தார்கள். 1964இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பொட்மாட்டிக் உலகமெங்கும் விற்றுத் தீர்ந்ததில், ட்ரெஸ்டன் புரியைச் சனம் 'பென்டாக்ஸ் புரி' என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டது. அசாஹியின் டக்குமார் லென்ஸ்களைப் பற்றி இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை: 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் ஒன்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருந்தது. கொஞ்சம் கதிரியக்கம் உண்டு, காலம் போகப் போகத் தேத்தண்ணி நிறத்துக்கு மஞ்சளாகும். புற ஊதா வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் தெளியும்.

எங்களுக்கு மிகப் பிடித்த முரண் இன்னொன்று. 1960களின் பிற்பகுதியில் மேற்கு ஜேர்மனியின் சைஸ் இகோன், இகாரெக்ஸ் என்ற கமெராவின் ஒரு வடிவத்தை எம்42 புரியோடு வெளியிட்டது. பேருக்காகக் கிழக்கோடு நீதிமன்றப் படியேறிய அதே வீடு, கிழக்கில் பிறந்த புரியை எடுத்துத் தன்ர கமெராவில் போட்டது.

சோவியத் பக்கமும் கதை அதுதான். யேனாவில் வில்லி மெர்ட்டே 1930களில் வடிவமைத்த 58 மி.மீ. எஃப் 2 பியோட்டாரின் வழியில் வந்தது ஹீலியோஸ்-44. மொஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள க்ராஸ்னகோர்ஸ்க் ஆலை அதைத் தன்ர ஸெனிற் கமெராக்களோடு சேர்த்து வெளியே தள்ளியது. ஸெனிற்-ஈ மட்டும் 30 இலட்சத்துக்கு மேல். பிரித்தானியா போன்ற இடங்களில் ஸெனிற்றும் ப்ராக்டிகாவும்தான் காசில்லாத மாணவர்களின் முதல் எஸ்.எல்.ஆர். நிக்கோன் வாங்க ஏலாதவன் இதை வாங்கினான், அடுத்த வருசம் ஜப்பானிய லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதையும் இதே உடம்பில் பூட்டினான். பூட்டுகிற இடத்துக்குப் பனிப்போர் தெரியவில்லை.

அகன்ற கோண லென்ஸ் பற்றியும் ஒரு சொல். 35 மி.மீ. குவியத்தூரம் உள்ள சாதாரண லென்ஸ் ஃபிலிமுக்குக் கிட்ட நிற்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில்தான் கண்ணாடி எழும்பி விழுகிறது. 1950இல் பிரான்ஸின் பியேர் ஆன்ஜெனியோ, முன்னால் ஒளியை விரிக்கிற கண்ணாடித் தொகுதியைப் போட்டு, லென்ஸைத் தூரத்தில் நிறுத்தியே அகலமாகப் பார்க்க வைத்தார். அவர் வைத்த 'ரெட்ரோஃபோக்கஸ்' என்ற பேர் பின்னர் அந்த வகை முழுவதற்கும் பொதுப்பேராகியது. யேனா அதற்குச் சமாந்தரமாக ஃப்ளெக்டகோனைச் செய்தது. இவை வராமல் எஸ்.எல்.ஆர். பாதிக் கமெராவாகவே நின்றிருக்கும்.

புரியைப் புகழ்ந்துகொண்டே போகவும் ஏலாது. அதற்கு ஒரு பெரிய குறை இருந்தது. சுற்றி இறுக்கும் போது லென்ஸ் ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக ஒரே கோணத்தில் வந்து நிற்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. 'படம் எடுக்கும் நேரம் துவாரத்தைச் சுருக்கு' என்று ஒரு சின்ன ஊசியைத் தள்ள அது போதும். 'இப்போது எந்த எஃப் எண் வைத்திருக்கிறது' என்று லென்ஸ் கமெராவுக்குச் சொல்ல அது போதாது. ஒளிமானி கமெராவுக்குள்ளே வந்த காலத்தில் இது பெரிய தலையிடி. ஸ்பொட்மாட்டிக்கில் துவாரத்தைச் சுருக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும், பார்வை இருண்டுபோகும். 1969இல் ப்ராக்டிகா எல்.எல்.சி. மின்தொடுப்புகளை வைத்து இதைத் தீர்த்தது, அந்தக் காலத்துக்கு அது உண்மையில் முன்னோடி வேலை. ஆனால் ஃபுஜிகா தனக்கு ஒரு வழி, ஒலிம்பஸ் தனக்கு ஒரு வழி, அசாஹி தனக்கு ஒரு வழி என்று பிரிந்தார்கள். புரி ஒன்றுதான், பாசை நாலு.

நிக்கோன் 1959இலேயே தன்ர சொந்தப் பயோனெட்டோடு நிக்கோன் எஃப்பை வெளியிட்டுவிட்டது. அசாஹி 1975இல் கே பயோனெட்டுக்குப் போனது. ஆனால் போகும்போது ஒரு நல்ல காரியம் செய்தது. 45.46 மி.மீ. தூரத்தை மாற்றவில்லை. அதனால் மெல்லிய வளையம் ஒன்றைப் போட்டால் பழைய எம்42 லென்ஸ்கள் புதிய உடம்பிலும் தொலைவு வரை குவியும். கெனன் 1987இல் எஃப்.டி.யைக் கைவிட்டு ஈ.எஃப்.புக்கு மாறியபோது தூரம் 42 மி.மீ.யிலிருந்து 44 மி.மீ. ஆகியது. எஃப்.டி. லென்ஸைச் சும்மா ஒரு வளையத்தால் பூட்டினால் கிட்ட இருப்பது தெளியும், மலை தெளியாது. தொழில்நுட்பக் காரணங்கள் கெனனுக்கு இருந்தன, மறுக்கவில்லை. ஆனாலும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எஃப்.டி. லென்ஸ் சேர்த்தவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு முடிவும் ஒன்றல்ல.

கண்ணாடி தூக்கப்பட்ட மிரர்லெஸ் கமெராக்கள் வந்தபின் இந்தத் தூரக்கணக்கு தலைகீழானது. உடம்பு மெல்லிசானதால் எந்தப் பழைய லென்ஸுக்கும் வளையம் போட இடம் கிடைத்தது. அந்தத் தைரியத்தில் எங்களில் மூன்று பேர் காசு போட்டு ஒரு ஹீலியோஸ் 44-2 எடுத்தோம். முகத்துக்குப் பின்னால் உள்ள இலைகள் சுழிபோல் சுற்றித் தெரிகிற அந்தப் பேர்போன படத்தை எடுக்கிற ஆசை. வந்த லென்ஸின் பின்கண்ணாடியில் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம். எங்கட காலநிலையில் பழைய லென்ஸ் வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரிந்த வியாதி. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பைகள், அவ்வளவுதான் மருந்து. சுழி வந்தது, கொஞ்சம் புகாரோடு.

ட்ரெஸ்டனுக்குத் திரும்புவோம். இரண்டு ஜேர்மனியும் 1990இல் ஒன்றாகின. பென்டகோனை இலாபமில்லை என்று கலைக்க முடிவானதும் அதே ஆண்டில்தான். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. 1991இல் யேனாவின் சைஸ் ஓபர்கோஹனோடு சேர்க்கப்பட்டது, இனி வழக்குப் போட ஆளில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த நோபிள் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தோம். 1945இல் தகப்பனையும் மகன் ஜோனையும் சோவியத் அதிகாரிகள் கைதுசெய்தார்கள். கே.டபிள்யூ. அரசுடைமையாகியது. தகப்பன் 1952இல் வெளியே வந்தார். ஜோன் வோர்க்கூட்டா முகாமுக்கு அனுப்பப்பட்டு 1955இல்தான் விடுதலையானார். அவர் சிறையிலிருந்த ஆண்டுகளில்தான் அவர்களுடைய பழைய நிறுவனத்தின் ப்ராக்டிகா உலகச் சந்தைக்குப் போனது. இணைப்புக்குப் பிறகு ட்ரெஸ்டனுக்குத் திரும்பிவந்த ஜோன் நோபிள், அங்கே மீண்டும் கமெரா செய்யத் தொடங்கினார். ப்ராக்டிகா என்ற பேர் அவருக்குக் கிடைக்கவில்லை. புதுக் கமெராவுக்கு நோபிளெக்ஸ் என்று பேர் வைத்தார்கள். லென்ஸ் சுழன்று சுழன்று அகலமான காட்சியை எடுக்கிற பனோரமா கமெரா அது. அதன் லென்ஸைக் கழற்ற முடியாது.