சிறு பரிசின் வரலாறு: சிங்கப்பூர், மலேசியக் குலுக்கல்களில் பரிசு வழங்கும் முறை

முன்னுரை

குலுக்கல் சீட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முதற்பரிசைப் பற்றியே எழுதி வந்துள்ளனர். ஒரே நாளில் செல்வரானவரின் கதை நாளிதழுக்கு உவப்பானது. ஆயின், குலுக்கலில் பணம் கட்டுவோருள் மிகப் பெரும்பாலோர் முதற்பரிசைத் தம் வாழ்நாளில் காண்பதில்லை. அவர்கள் அறிந்த பரிசெல்லாம் பத்து வெள்ளி, அறுபது வெள்ளி, இருநூற்றைம்பது வெள்ளி ஆகிய சிறு பரிசுகளே. அச்சிறு பரிசு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு கணக்கிடப்படுகிறது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறுகிறது என்பனவற்றைச் சிங்கப்பூர், மலேசிய வரலாற்றின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு நூற்றாண்டுக் காலமாக மக்களைக் குலுக்கலோடு பிணைத்து வைத்தது பெரும்பரிசு மட்டுமன்று, சிறு பரிசும் அது கைக்கு வந்து சேர்ந்த வழியுமே என்பது நம் கருத்து.

வாய்ச்சொல்லே சீட்டாக இருந்த காலம்

அரசு நடத்தும் குலுக்கலுக்கு முன்னர்ச் சிங்கப்பூரில் பெருவழக்காக இருந்தது 'சாப் ஜி கீ' என்னும் சூதாட்டமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கு வேரூன்றிய இவ்வாட்டத்தில் பன்னிரண்டு குறிகள் உண்டு. அவற்றுள் ஒன்றன்மீது பணம் கட்டுதல் வேண்டும். அக்குறி வந்தால் கட்டிய பணத்தைப் போல் பத்து மடங்கு கிடைக்கும். முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்னும் படிநிலைகள் இதில் இல்லை. ஆட்டம் முழுவதுமே ஒரு சிறு பரிசு எனலாம்.

இதன் உயிர்நாடி பணம் திரட்டுவோராவர். அவர்கள் வீடு வீடாகச் சென்று சில காசுகளைப் பெற்றனர். பரிசு விழுந்தால் அதே வாசலுக்கு வந்து கொடுத்தனர். பணம் கட்டியோருள் இல்லத்தரசிகள் மிகுதி. சட்டத்திற்குப் புறம்பான ஆட்டமாதலின், கொடாவிடில் வழக்குத் தொடுக்கவும் இயலாது. திரட்டுபவர் நாளையும் அத்தெருவிற்கு வந்தாக வேண்டும் என்பதொன்றே பரிசுக்கு உறுதியாக இருந்தது.

பன்னிரண்டுக்குப் பத்து என்பது கணக்களவில் 83 விழுக்காட்டைத் திருப்பித் தருவதாகும். ஆயின், பணம் மிகக் குறைவாக விழுந்த குறியையே நடத்துவோர் தேர்ந்தெடுத்தனர் என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலமாகவே இருந்தது. குறி எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைக் காணும் வாய்ப்பு மக்களுக்கு இல்லை. பரிசு வீடு தேடி வந்தது. குலுக்கல் மட்டும் மறைவில் நடந்தது.

வால் எண்ணின் வருகை

நான்கு எண் குலுக்கல் 1951-ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தில் தோன்றியதாகக் கூறப்படுகிறது. தம் மிதிவண்டியைச் சீட்டுக் குலுக்கி விற்க முனைந்த ஒரு பள்ளி மாணவரே இதற்கு வழிகாட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மலாய் மொழியில் இதற்கு 'நொம்போர் ஏக்கோர்' என்று பெயர். 'வால் எண்' என்பது அதன் பொருள். நீண்ட சீட்டெண்ணின் கடைசி இலக்கங்களைக் கொண்டு ஆடுவதற்கு இப்பெயர் பொருத்தமானதே. நம்மவர் பேச்சில் 'நாலு நம்பர்' என்றும், பணம் கட்டுவது 'நம்பர் எடுப்பது' என்றும் வழங்குவதை நாம் அறிவோம்.

இவ்வாட்டத்தை மக்களிடமிருந்து நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. சிங்கப்பூரில் குதிரைப் பந்தயக் கழகம் 1966-இல் நான்கு எண் குலுக்கலைத் தொடங்கியது. கள்ளச் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் 1968 மே மாதத்தில் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவப்பட்டது; அடுத்த மாதமே டோட்டோ அறிமுகமாயிற்று. 1969-இல் தொடங்கிய சிங்கப்பூர் ஸ்வீப் குலுக்கலின் வருவாய், 1973-இல் திறக்கப்பட்ட தேசிய விளையாட்டரங்கத்தைக் கட்ட உதவியது. மலேசியாவில் 1969-இல் மேக்னம் நிறுவனம் உரிமம் பெற்று நான்கு எண் குலுக்கலை நடத்தலாயிற்று. 1986-இல் சிங்கப்பூர் பூல்ஸ் கணினிவழி நான்கு எண் குலுக்கலைத் தொடங்கியது.

அரசு இங்கு எதிர்கொண்ட சிக்கலை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கள்ள ஆட்டக்காரர் கடனுக்கு எண் எழுதினர்; வாசலிலேயே பணம் தந்தனர். உரிமம் பெற்ற நிலையமோ கடன் தராது. பரிசு பெற்றவரே நேரில் செல்ல வேண்டும். இக்குறையை ஈடுசெய்யப் பொதுமக்கள் முன்னிலையில் குலுக்கலும், அச்சிட்ட சீட்டும், அக்கம்பக்கத்துக் கடையிலேயே சிறு பரிசைப் பெறும் வசதியும் தேவைப்பட்டன. வாய்ச்சொல் இருந்த இடத்தில் தாள் வந்தமர்ந்தது.

சிறு பரிசின் கணக்கு

நான்கு எண் குலுக்கலில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு உண்டு. அவற்றுள் 20 எண்கள் சிறு பரிசுக்குரியவை. சிங்கப்பூரில் 'பெரிது' என்னும் வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதற்பரிசு 2,000 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. தொடக்கப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 250 வெள்ளி. ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60 வெள்ளி. இவற்றைக் கூட்டினால் 6,590 வெள்ளியாகும். அதாவது, பத்தாயிரம் எண்களிலும் ஒவ்வொரு வெள்ளி கட்டுபவருக்கு 3,410 வெள்ளி இழப்பு. மலேசியாவில் 'பெரிது' வகைக்கு 2,500, 1,000, 500 ரிங்கிட்டும், சிறப்புப் பரிசாக 180, ஆறுதல் பரிசாக 60 ரிங்கிட்டும் என்னும் அமைப்பில் கூட்டுத்தொகை 6,400 ரிங்கிட்.

இக்கணக்கினின்று ஓர் உண்மை புலனாகிறது. சிங்கப்பூரின் 6,590 வெள்ளியில் 3,100 வெள்ளி, ஏறத்தாழ 47 விழுக்காடு, சிறு பரிசுகளாகவே வெளியேறுகிறது. டோட்டோவிலும் இதே நிலைதான். 2014-இல் 49 எண்களிலிருந்து ஆறு எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. இம்முறையில் விற்பனைத் தொகையில் 54 விழுக்காடு பரிசுக்கென ஒதுக்கப்படுகிறது. முதல் நான்கு பிரிவுகள் அவ்வொதுக்கீட்டில் 38, 8, 5.5, 3 விழுக்காடுகளைப் பெறுகின்றன; எஞ்சியது 50, 25, 10 வெள்ளி என வரையறுக்கப்பட்ட மூன்று கடைப் பிரிவுகளுக்குரியது. அவ்வெச்சம் 45 விழுக்காட்டிற்கும் மேலாகும். பத்து வெள்ளிப் பரிசு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ அறுபத்தொன்றில் ஒன்று; முதற்பரிசின் வாய்ப்போ 1,39,83,816-இல் ஒன்று.

ஒரே எண்ணை ஒவ்வொரு குலுக்கலிலும் ஒரு வெள்ளிக்கு எடுப்பவர் சராசரியாக 435 குலுக்கல்களுக்கு ஒரு முறை ஏதேனும் ஒரு பரிசைப் பெறுவார். வாரம் மூன்று குலுக்கல் எனக் கொண்டால் ஏறத்தாழ மூன்றாண்டுக் காத்திருப்பு. கட்டியது 435 வெள்ளி. பரிசின் சராசரி 287 வெள்ளிக்கும் குறைவு. அவ்வாறிருந்தும், 60 வெள்ளி கையில் விழும் நாளில் அவர் தம்மை வென்றவராகவே கருதுகிறார். தோல்வி ஒவ்வொரு வெள்ளியாகக் கழிகிறது. வெற்றி ஒரே தொகையாக வருகிறது. பெரும்பரிசுக்கான நம்பிக்கையைக் காத்து நிற்பது இச்சிறு வெற்றியே.

தாளும் உரிமையும்

சீட்டு என்பது, அதைக் கொணர்ந்து காட்டுபவருக்குப் பணம் தரப்படும் தாளாகும். எண் யார் கனவில் வந்தது, யார் காசில் எடுக்கப்பட்டது என்பனவற்றை நிலையம் வினவுவதில்லை. சீட்டு கிழிந்தோ அழிந்தோ படிக்க இயலாமற் போனால் பரிசும் ஐயத்திற்குரியதாகிறது. சிறு தொகையை விற்பனை நிலையத்திலேயே பெறலாம்; பெருந்தொகைக்குத் தலைமை நிலையத்திற்குச் செல்ல வேண்டும். சிங்கப்பூரில் குலுக்கல் நாளிலிருந்து 180 நாளுக்குள் பரிசைக் கோருதல் வேண்டும். மலேசிய மேக்னத்தில் ஆறு மாதம். இரு நாடுகளிலும் இப்பரிசுக்கு வருமான வரி இல்லை.

காலக்கெடுவால் மிகுதியும் இழப்புறுவது சிறு பரிசே என்று கருத இடமுண்டு. முதற்பரிசுக்குரிய எண்ணை எவரும் சரிபாராது விடார். ஆறுதல் பரிசுக்குரிய எண்ணோ பட்டியலின் அடியில், இருபது எண்களுள் ஒன்றாகக் கிடக்கிறது. கண்பார்வை குன்றிய முதியவரும், எழுத்தறியாத தொழிலாளரும் அதைத் தவறவிடுதல் எளிது.

நம் சமூகத்தோடு இங்கு ஒரு தொடர்பைச் சுட்டலாம். மலாயாத் தமிழரிடையே 'கூட்டு' என்னும் பண முறை பரவலாக இருந்தது. மலேசியாவில் 1971-இல் இயற்றப்பட்ட கூட்டு நிதித் தடைச் சட்டம் அத்தமிழ்ச் சொல்லையே தன் பெயரில் கொண்டுள்ளது. கூட்டு, ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கையால் இயங்குவது. பலர் பணம் சேர்த்து ஓர் எண் எடுக்கும்போதும் அதே நம்பிக்கைதான் அடிப்படை. ஆனால், சீட்டு ஒருவர் சட்டைப்பையில் மட்டுமே இருக்க முடியும். அறுபது வெள்ளியை அறுவர் பங்கிடுகையில் எழும் பூசலைத் தீர்க்கக் குலுக்கலின் விதிகளில் ஏதும் இல்லை.

முடிவுரை

2016 அக்டோபரில் சிங்கப்பூர் பூல்ஸ் இணையவழிப் பந்தயத்தைத் தொடங்கியது. கணக்கு வைத்திருப்போர்க்குப் பரிசு தானாகவே வரவு வைக்கப்படுகிறது. சீட்டுத் தொலைவதில்லை, காலக்கெடு பற்றிய கவலையும் இல்லை. பரிசைத் தவறவிட்ட முதியவரின் இழப்பு இதனால் நீங்கியது உண்மையே. ஆயின், மற்றொன்றும் நீங்கியது. கடைக்குச் சென்று, சீட்டைக் கொடுத்து, ரொக்கத்தைப் பெறும் அந்த இடைவேளையில் அப்பணம் அரிசியாகவோ பள்ளிப் புத்தகமாகவோ மாறும் வாய்ப்பு இருந்தது. கணக்கில் சேரும் பத்து வெள்ளியோ அடுத்த குலுக்கலின் அருகிலேயே தங்கிவிடுகிறது.

வாசலில் வந்த காசு, கடையில் பெற்ற ரொக்கம், கணக்கில் ஏறும் எண் என மூன்று நிலைகளைச் சிறு பரிசு கடந்து வந்துள்ளது. ஒவ்வொரு நிலையிலும் பரிசு கைக்கு வருவது எளிதாயிற்று; அது கையில் தங்கும் நேரம் குறைந்தது. குலுக்கலின் நன்மை தீமைகளை ஆராய விழைவோர் முதற்பரிசு பெற்ற ஒருவரை விட்டு, ஆறுதல் பரிசு பெற்ற பலரிடம் அப்பணம் எங்குச் சென்றது என வினவுதல் வேண்டும். சாதாரண மக்களின் பொருளியல் வரலாறு அவ்விடையில்தான் அடங்கியுள்ளது என நாம் கருதுகிறோம்.