75 டொலரில் தொடங்கிய பிரசவத் துணை

இரவு முழுவதும் பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவி, தைரியம் சொல்லிக் கூடவே இருப்பவளுக்கு எவ்வளவு கூலி கொடுக்கலாம்? அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் முதலில் வைத்த விலை 75 டொலர்.

அவளை அங்கே 'டூலா' என்கிறார்கள். கிரேக்கச் சொல், பணிப்பெண் என்று பொருள். டூலா பிரசவம் பார்ப்பதில்லை. அது வைத்தியரின், மருத்துவிச்சியின் வேலை. இவள் தாய்க்குத் துணை, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் இந்தத் துணைக்கு அங்கே பஞ்சமில்லை. தென் மாநிலங்களில் கறுப்பின மருத்துவிச்சிகள் வீடு வீடாகப் போனார்கள். ஜோர்ஜியாவின் மேரி கோலி 3,000க்கு மேற்பட்ட குழந்தைகளைக் கையில் ஏந்தியவர். 1953இல் அவரை வைத்தே ஒரு பயிற்சிப் படம் எடுத்தார்கள். ஆனால் 1921ஆம் ஆண்டின் தாய் சேய் நலச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவிச்சிகள் மீது கட்டுப்பாடுகள் கூடின. பிரசவம் வைத்தியசாலைக்குப் போனது. அங்கே பாதுகாப்பு கூடியது உண்மை. ஆனால் உம்மாவும் சாச்சியும் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

உள்ளே தனித்துப்போன தாய்க்கு என்ன நடக்கிறது? மார்ஷல் கிளவுஸ், ஜோன் கென்னல் என்ற இரு வைத்தியர்கள் குவாத்தமாலாவில் இதை ஆராய்ந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் பக்கத்தில் இருந்தாலே பிரசவ நேரம் பாதியாகக் குறைந்ததாக 1980இல் வெளியான அவர்களது ஆய்வு சொன்னது. 1991இல் ஹூஸ்டன் நகர ஆய்வு வந்தது. துணை இருந்தவர்களில் 8 வீதமானோருக்கு சிசேரியன். துணை இல்லாதவர்களில் 18 வீதமானோருக்கு.

இவ்வளவு தெரிந்தும் டூலா பணக்காரர்களுக்கே கிடைத்தாள். காசு கொடுத்து அமர்த்த வேண்டியிருந்ததே காரணம். அந்நாட்டில் பிரசவத்தில் இறக்கும் கறுப்பினத் தாய்மாரின் வீதம் வெள்ளையினத்தவரை விடச் சுமார் மூன்று மடங்கு. துணை அதிகம் தேவைப்பட்டவர்களுக்கே அது எட்டவில்லை.

அதனால்தான் போராட்டம் காப்புறுதியின் பக்கம் திரும்பியது. வருமானம் குறைந்தோருக்கு 1965இல் வந்த அரச காப்புறுதி மெடிகெயிட். அமெரிக்காவில் பத்துப் பிரசவங்களில் நான்குக்கு அதுவே பணம் கட்டுகிறது. ஒரிகனும் மினசோட்டாவும் முதலில் டூலாவை அதில் சேர்த்தன. 2021இல் நியூ ஜெர்சி, 2023இல் கலிபோர்னியா. தனியார் காப்புறுதியும் கட்ட வேண்டும் என்று ரோட் ஐலண்ட் சட்டம் போட்டது.

ஆனால் சட்டம் வந்ததும் கதை முடியவில்லை. பல மணி நேரம் கண்விழிப்பவளுக்கு 75 டொலர் போக்குவரத்துக்கும், தன் பிள்ளைகளைப் பார்க்க வைத்த ஆளுக்குமே போதாது. அந்தக் காசுக்கு யார் வருவார்கள்? உரிமை கடதாசியில் இருந்தது, கட்டிலருகே ஆள் இல்லை. ஒரிகன் அதை 2017இல் 350 டொலராக்கியது. 2022இல் 1,500 ஆக்கியது.

பெண்கள் காலகாலமாகச் சும்மா செய்துவந்த வேலை என்பதாலேயே அதற்கு விலை குறைவாகப் போட்டார்கள். நம் அரச வைத்தியசாலைகளில் பிரசவத்துக்குக் காசு கேட்பதில்லை. அதன் பெறுமதி இந்த வரலாற்றைப் படிக்கும்போது நன்றாக விளங்குகிறது. ஆனாலும் வலி எடுக்கும் நேரத்தில் அந்தத் தாயின் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது நாமும் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.