பச்சைக் குழந்தைக்குப் பித்தப்பைக் கல்லா?

பித்தப்பைக் கல் நாற்பது தாண்டியவர்களின் வியாதி என்றுதான் என் வயதுக்காரர்கள் பலரும் நினைத்திருப்போம். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கும் வரும் என்று அறிந்து, அதன் கதையைத் தேடினேன்.

1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் அவர் குழுவினரும், முழு உணவையும் ரத்தக்குழாய் வழியாகவே செலுத்தி நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டினார்கள். அடுத்து, குடலின் பெரும்பகுதி இல்லாமல் பிறந்த ஒரு பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப் பிறந்தால் பிழைக்க வழியில்லை. இவளோ எடை கூடினாள், வளர்ந்தாள், 22 மாதம் இருந்தாள். 1968ல் மருத்துவ இதழில் செய்தி வந்தது. அதன்பின் இந்த முறையால் பிழைத்த குறைமாதக் குழந்தைகள் ஏராளம்.

ஆனால் உணவு குடலுக்குள் வந்தால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளும். வாய்வழி பால் இறங்காத குழந்தைக்குப் பித்தம் தேங்கி, சேறு போலாகி, சிலருக்குக் கல்லாகிறது. வெட்டாமலே வயிற்றுக்குள் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பரவிய பிறகே இது அதிகம் தெரியவந்தது.

எனக்கு நிம்மதி தந்த செய்தி, பால் குடிக்கத் தொடங்கியதும் பல குழந்தைகளுக்கு இது தானாகவே மறைந்துவிடுகிறது என்பதுதான். அதனால் தொந்தரவு இல்லாதவரை மருத்துவர்கள் கத்தி எடுப்பதில்லை. அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக் காத்திருக்கிறார்கள்.