சத்திரம் வேண்டாம், சட்டம் வேண்டும்!

வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழக்கம் முடிந்ததும் கைதட்டல் வானைப் பிளக்கிறது. ஆனால் தோழர்களே, வந்தார் எந்த உரிமையால் வாழ்கிறார்? நாளை ஓர் அதிகாரி ‘வெளியேறு’ என்று விரலை நீட்டினால், எந்தச் சட்ட ஏட்டைக் காட்டி அவர் ‘வெளியேற மாட்டேன்’ என்பார்? இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மேடையிலும் மௌனம், அவையிலும் மௌனம்! அந்த மௌனத்தின் வரலாற்றையே இங்கு ஆராய விழைகிறோம்.

தாம்பரத்தை நடுவாக வைத்து வரைபடத்தைப் பாருங்கள். தெற்கே இருப்புப்பாதை செங்கற்பட்டுக்குச் செல்கிறது. ஈழத்தவரை வழக்கு விசாரணையின்றி அடைத்து வைத்த ‘சிறப்பு முகாம்’ அங்கே பல்லாண்டுகள் இருந்தது. மேற்கே திருப்பெரும்புதூர். 1991 மே 21 இரவு அங்கே வெடித்த குண்டு இராசீவ் காந்தியின் உயிரைக் குடித்தது. அக்குற்றத்தில் அணுவளவும் பங்கில்லாத இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளின் நிம்மதியையும் சேர்த்துக் குடித்தது. வண்டலூர் வழியே கிழக்கே சென்றால் கேளம்பாக்கம். பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட ரோகிங்கியா மக்களில் சில குடும்பங்கள் 2012 முதல் அங்கே ஒதுங்கி, பழைய பொருள் பொறுக்கிப் பிழைப்பு நடத்தின. அடைக்கலத்தின் வரலாற்றைப் படிக்க ஜெனீவாவுக்குப் போக வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து பேருந்து ஏறினாலே போதும்.

இம்மக்களை நாடற்றவராக்கியது எது? ஊழ்வினையா? தலையில் எழுதிய எழுத்தா? எழுத்துத்தான், ஆனால் அது சட்டப் புத்தகத்தில் மனிதன் எழுதிய எழுத்து! 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்து உழைத்து ஓடாய்த் தேய்ந்த தமிழரை ஒரே அடியில் நாடற்றவராக்கியது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்றது மற்றொரு சட்டம். 1964இல் சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென்று சந்தைப் பொருளைப் போலப் பங்கு பிரித்தது. பங்கிடப்பட்டவரை ஒரு சொல் கேட்டவர் இல்லை. பர்மாவிலும் இதே கதை: 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமே ரோகிங்கியாவை அயலாராக்கியது. சட்டத்தால் விளைந்த கேடு சட்டத்தால்தான் தீரும். இரக்கத்தால் பசி தீரலாம், அச்சம் தீராது.

சரி, இங்கே சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதி இன்னார் என்று வரையறுக்கும் தனிச் சட்டமும் இல்லை. 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் பார்வையில், தாஜ்மகாலைக் காண வந்த சுற்றுலாச் செல்வரும், கைக்குழந்தையோடு கள்ளத்தோணியில் கரையேறிய தாயும் ஒன்றே, இருவரும் ‘வெளிநாட்டவர்’. என்னே இந்தச் சமத்துவம்!

சட்டம் இல்லாத அந்த வெற்றிடத்தில் கொள்கையை உருவாக்கியவர் யார்? அரசுகள் ஒரு பங்கு செய்தன, மறுக்கவில்லை. ஆனால் அரசை அசைத்தவை மக்கள் அமைப்புகள். இதை நம் இளைஞர் அறிய வேண்டும்.

1983 சூலைப் படுகொலைக்குப் பின் இராமேசுவரக் கரையில் படகுகள் வந்து குவிந்தன. மறு ஆண்டே, 1984இல், அகதிகள் தாமே ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர்: ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். தந்தை செல்வா எனப்படும் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் அதை நிறுவினார். பிறர் தரும் சோற்றுக்குக் கையேந்தி நிற்பதோடு அமையாமல், முகாம்களில் கல்வி, நலவாழ்வு, ஆவணம் என்று அகதிகளே அகதிகளுக்குப் பணியாற்றலாயினர். எம்.ஜி.ஆர். ஆட்சியில் அகதி மாணவர்க்குக் கல்லூரிகளில் இடங்கள் ஒதுக்கப்பட்டன.

பிறகு வந்தது 1991. திருப்பெரும்புதூர்க் கொலைக்குப் பின் கொடுத்த கை மூடிக்கொண்டது. கல்லூரி இடங்கள் பறிபோயின. தொண்டு அமைப்புகள் முகாம்களுக்குள் நுழையவும் தடை வந்தது. எதை மாற்றி இதையெல்லாம் செய்தார்கள்? எந்தச் சட்டத்தையும் மாற்றவில்லை! மாற்றுவதற்குச் சட்டமே இல்லையே! ஆணையால் வந்தது ஆணையால் போயிற்று. அருளுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த ஆசானும் கற்பிக்க இயலாது.

1992 சனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. ‘விருப்பத்துடன் செல்கிறார்கள்’ என்றது அரசு. விருப்பமா? ஆங்கிலப் படிவத்தில் கையொப்பம் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. படிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட விருப்பம் எவருடைய விருப்பம்? பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வழக்கும், வெளியே எழுந்த கண்டனக் குரலும் சும்மா போகவில்லை. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் சென்னையில் இடம்பெற்றது. திரும்பிச் செல்வோரிடம் ‘உண்மையிலேயே விரும்பிச் செல்கிறீரா?’ என்று கேட்டறியும் பொறுப்பு அதற்குக் கிடைத்தது. உலக அமைப்பு ஒன்று சரிபார்க்கும்போது தாம் ஐயுற வேண்டியதில்லை என்று கூறி நீதிமன்றம் வழக்கை முடித்தது. முழு வெற்றியன்று, எனினும் அகதியின் விருப்பத்தை அரசு மட்டும் அளக்கக்கூடாது, வேறொரு கண்ணும் பார்க்க வேண்டும் என்ற நெறி அன்று இங்கே வேரூன்றியது. 1996இல் அருணாசலப் பிரதேசச் சக்மா மக்கள் வழக்கில், குடிமகனல்லாதவனுக்கும் உயிருரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் உரைத்தது. அவ்வழக்கைத் தொடுத்தது தேசிய மனித உரிமை ஆணையம். ஆணையத்தின் கதவைத் தட்டியவை மக்கள் உரிமை அமைப்புகள்.

நீதிமன்றப் போராட்டத்தைவிட ஓசை குறைந்த பணி ஒன்றுண்டு. முகாமில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புச் சான்று பெற்றுத் தருவது! ஈழ ஏதிலியர் கழகத்தார் ஆண்டுக்கணக்கில் அந்த வேலையைச் செய்தனர். ஒரு துண்டுத் தாளில் என்ன இருக்கிறது என்று கேட்பீரோ? 1987 சூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது இந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் தம் பிறப்புச் சான்றை நீதிமன்றத்தில் வைத்து வாதாடினார். 2022இல் மதுரைக் கிளை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். மேடைப் பேச்சு ஆயிரம் செய்யாததை ஒரு தாள் செய்தது.

2021 ஆகத்தில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. சிதைந்த குடில்களுக்கு மாற்றாக 7,469 வீடுகள் கட்டவும், முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ என்றே அழைக்கவும் முடிவாயிற்று. அவ்வாண்டில் 108 முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். வெளியே 34 ஆயிரம் பேர் காவல் நிலையப் பதிவோடு வாழ்ந்தனர். பாராட்டத்தக்க திட்டம், பாராட்டுகிறோம். ஆயினும் வீடு கொடுத்த கை நாடு கொடுக்க இயலாது. அந்த அதிகாரம் தில்லியில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ ஈழத்தமிழரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

2025 மே மாதம், ஈழத்தமிழர் ஒருவர் தம்மை வெளியேற்ற வேண்டாமென்று முறையிட்ட வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா தருமசத்திரம் அன்று என்ற கருத்தை உச்சநீதிமன்ற அமர்வு வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 1946ஆம் ஆண்டுச் சட்டம் மறைந்து புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்த ஈழத்தமிழர்க்குத் தண்டனையிலிருந்து விலக்களித்து ஆணையும் பிறந்தது. வரவேற்கிறோம். ஆனால் மீண்டும் பாருங்கள்: அதுவும் ஆணை! புதிய சட்டம் எழுதும்போதும் ‘அகதி’ என்றொரு மனிதனை அதில் அவர்கள் வரையறுக்கவில்லை. கேளம்பாக்கத்து ரோகிங்கியாவுக்கு அந்த விலக்கும் இல்லை. 2021 ஏப்ரலில் சம்முவில் பிடித்து வைக்கப்பட்ட ரோகிங்கியாவை அனுப்புவதைத் தடுக்கவும் உச்சநீதிமன்றம் மறுத்தது. நம் இனத்தானுக்கு ஒரு நீதி, பிற இனத்தானுக்கு வேறு நீதி என்று நாமும் இருந்துவிட்டால், சிங்கள வெறியரை இடித்துரைக்க நமக்கு என்ன தகுதி?

பிற நாட்டில் முடிந்திருக்கிறதா என்று கேட்போர்க்குக் கனடாவைக் காட்டுவோம். 1985 ஏப்ரல் 4 அன்று, அகதி உரிமை கோருவோரை நேரில் அழைத்து விசாரிக்காமல் விரட்டக்கூடாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காடியவர்களில் சீக்கியர் உண்டு. அவர்களுக்குத் துணையாக வழக்கில் நுழைந்தவை சீக்கியச் சங்கங்களின் கூட்டமைப்பும் கனடியத் தேவாலயங்களின் மன்றமும். அத்தீர்ப்புக்குப் பின் அரசு அகதிகளுக்கெனத் தனி விசாரணை மன்றமே அமைத்தது. அங்கே அமைப்புகளின் உழைப்பு சட்டமாக உறைந்தது. இங்கே ஆணையாகவே உருகிக்கொண்டிருக்கிறது.

இங்கும் வரைவுகள் இல்லாமற் போகவில்லை. 1997இல் நீதியரசர் பி.என். பகவதி தலைமையில் அறிஞர் குழு மாதிரிச் சட்டம் ஒன்றை வகுத்தது. 2015இல் சசி தரூர் நாடாளுமன்றத்தில் தனியார் மசோதா கொணர்ந்தார். இரண்டும் தூங்குகின்றன. தூங்குவதை எழுப்புவது யார் கடமை?

இளைஞர்களே, உங்கள் கடமை! முகாம்களுக்குச் செல்லுங்கள், பிறப்புப் பதிவு விடுபட்ட குழந்தைக்குச் சான்று பெற்றுத் தாருங்கள், படிவத்தை அவரவர் மொழியில் படித்துக் காட்டுங்கள், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம், செங்கற்பட்டையும் கேளம்பாக்கத்தையும் சுட்டிக்காட்டி, அகதிகள் சட்டம் எங்கே என்று கேளுங்கள். சத்திரத்துக் கதவு, நடத்துபவன் மனம் போல் திறக்கும், மூடும். ஓடிவந்தவனுக்கு நாம் கேட்பது அந்தத் திண்ணையில் ஓர் இரவுப் படுக்கையை அல்ல. அவன் நிமிர்ந்து நின்று காட்டத்தக்க சட்டத்தின் ஒரு பக்கத்தைக் கேட்கிறோம். எழுதப்படும் வரை கேட்போம்!