சுட்ட மண்ணில் அப்போஸ்தலர்

ஜெர்மானியச் சீர்திருத்தத்தை நாம் பெரும்பாலும் நூல்களின் வாயிலாகவே கற்றிருக்கிறோம். அச்சீர்திருத்தம் எத்தகைய ஆலயங்களுக்குள் நுழைந்தது, அங்கே மக்களின் கண்கள் எவற்றைக் கண்டு பழகியிருந்தன என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. அவ்வாலயங்களின் மரச்சிற்பங்களும் கற்சிற்பங்களும் புகழ்பெற்றவை. களிமண்ணால் வனைந்து, சூளையிலிட்டு, வண்ணந்தீட்டப்பட்ட சிற்பங்களோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டை ஒட்டி இக்கலை இரு பகுதிகளில் தழைத்தது. ஒன்று நியூரம்பெர்க்; மற்றொன்று மெயின்ஸ் நகரைச் சூழ்ந்த நடு ரைன் பள்ளத்தாக்கு. கர்த்தர் சிலுவை சுமந்து செல்லும் காட்சியாக லோர்ச் என்னும் ஊரில் இருந்த சிற்பத்தொகுதி இன்று பெர்லினில் உள்ளது. கர்த்தருடைய உடலைச் சூழ்ந்து புலம்புவோரைக் காட்டும் டெர்ன்பாக் தொகுதி லிம்பர்க் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹால்கார்ட்டன் ஊரின் ஆலயத்திலோ மரியாள் கையில் ஒரு மண்குடத்தை ஏந்தி நிற்கிறாள்; பாலகனிடம் திராட்சைக்குலை. திராட்சைத் தோட்டங்களால் பிழைத்த அவ்வூரார்க்குத் திருவிருந்தின் பொருளை இதைவிடத் தெளிவாகக் கூறும் சிற்பம் வேறு தேவைப்பட்டிராது.

மண்ணில் செய்தமையால் இவை எளியோரின் மலிவுப் பொருள்கள் என்று கருதுவது பொருந்தாது. பெரிய உருவத்தைச் சூளையிலிடுவது இடர் மிகுந்த வேலை. சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் உருவம் வெடித்துவிடும். ஆகவே சிற்பி அதன் உட்புறத்தைக் குடைந்து சீராக்கி, ஈரம் முற்றிலும் உலரும்வரை பொறுத்திருக்க வேண்டும். சுட்டெடுத்த பின்னர் சுண்ணப்பூச்சு. அதன்மேல் நீலம், சிவப்பு, பொற்றகடு. இத்தாலியில் லூக்கா டெல்லா ரொபியா 1440களில் மண்சிற்பங்களுக்கு மெருகேற்றிச் சுட்ட முறை வேறு. ஜெர்மானியர் தீட்டியது சூளைக்குப் பிந்திய வண்ணம். எனவே அது எளிதில் உதிர்ந்தது. அருங்காட்சியகங்களில் நாம் காணும் மண்ணின் பழுப்பு நிறம் காலம் விட்டுவைத்த மிச்சமே. அன்றைய சபையார் கண்டது மண்ணையன்று. ஒளிரும் ஆடையணிந்த பரிசுத்தவான்களையே கண்டனர்.

அங்கேதான் இடறலும் இருந்தது. 1522ஆம் ஆண்டு ஜனவரியில் விட்டன்பெர்க்கில் கார்ல்ஷ்டாட் சுரூபங்களை அகற்றவேண்டுமென்று எழுதினார். மார்ச் மாதம் லூத்தர் திரும்பி வந்து எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்து அந்த வேகத்தைத் தடுத்தார். சுரூபங்களை வைப்பதும் விடுவதும் கிறிஸ்தவ சுயாதீனத்தைச் சேர்ந்தது என்பது அவர் நிலை. ஆயினும் அவரை நாம் சுரூபங்களின் நண்பராக்கிவிடக் கூடாது. ஒரு சிலையை நிறுவுவதால் தேவனுக்குத் தொண்டு செய்கிறோம் என்று மக்கள் எண்ணியதையே அவர் கடுமையாகச் சாடினார். அப்பணத்தை ஏழைக்குக் கொடுத்திருக்கலாம் என்றார். சிற்பியின் கைவண்ணத்தைவிடக் கொடையாளியின் உள்ளமே அவருக்கு வழக்காக இருந்தது.

சூரிக் நகரம் 1524இல் ஆலயங்களை வெறுமையாக்கியது. ஊல்ம் நகரம் 1531இல் அவ்வாறே செய்தது. நியூரம்பெர்க் 1525இல் சீர்திருத்தத்தை ஏற்றபோதும் பழைய சிற்பங்களை உடைக்கவில்லை. இதற்கு இறையியலை மட்டும் காரணமாக்குவது மிகை. சிற்பங்களை நிறுவிய செல்வக்குடும்பங்களின் வழித்தோன்றல்களே நகர மன்றத்தில் அமர்ந்திருந்தனர். தங்கள் முன்னோரின் சின்னம் பொறித்த கொடைகளை யார் உடைப்பர்? லூத்தரின் போதனை அவர்களுக்கு வசதியாகவும் வாய்த்தது. இதை ஒப்புக்கொள்ளத் திருச்சபை வரலாற்று மாணவர் தயங்க வேண்டியதில்லை.

இவ்வாறே நியூரம்பெர்க்கின் மண் அப்போஸ்தலரும் தப்பினர். அகன்ற மடிப்புகள் விழும் மேலங்கியணிந்து அமர்ந்திருக்கும் முதியோர் இவர்கள். அவர்களுள் அறுவர் இன்று அந்நகரின் ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளனர். நால்வர் பரிசுத்த யாக்கோபு ஆலயத்தில் இருக்கின்றனர். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் பெருஞ்சேதமுற்று மீண்டும் கட்டப்பட்ட அவ்வாலயம் லுத்தரன் சபைக்குரியது. அருங்காட்சியகத்தின் அறுவரைக் கலை ஆர்வலர் சுற்றி வந்து நோக்குகின்றனர். ஆலயத்தின் நால்வரிடம் மன்றாடுவார் எவருமில்லை. ஞாயிறுதோறும் அங்கே வேதம் வாசிக்கப்படுகிறது.