பிரெஞ்சு பிரஸ்ஸும் அம்மாவின் பித்தளை ஃபில்டரும்

போன மாதம் பெங்களூரிலிருந்து மகள் ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். பிரித்தால் கண்ணாடிக் குவளை ஒன்று, குமிழ் வைத்த மூடி, மூடியின் நடுவே ஒரு கம்பி, கம்பியின் நுனியில் சல்லடைத் தட்டு. பிரெஞ்சு பிரஸ்ஸாம். கூடவே ஒரு சீட்டு: "பாட்டிக்குக் கை நடுங்குது. இனிமே ஃபில்டரில் கொதிநீர் ஊத்த வேண்டாம்."

அம்மாவுக்கு 78 வயது. என்னுடைய ஏழு டிரான்ஸ்ஃபரிலும் அவளுடைய பித்தளை ஃபில்டர் கூடவே வந்தது. இப்போது அலிகார். எந்த ஊராக இருந்தாலும் விடிகாலை டிகாக்ஷன் அம்மா பொறுப்பு. தங்கமணி கூட அதில் கை வைத்ததில்லை. புது வரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "ஊசி போடற சிரிஞ்சு மாதிரின்னா இருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை நானே களத்தில் இறங்கினேன். ஊரிலிருந்து வரும் ஃபில்டர் பொடியைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, நாலு நிமிடம் கழித்து அழுத்தினால் கம்பி இறங்க மறுத்தது. பலமாக அழுத்தினேன். ஓரத்தில் பீய்ச்சி அடித்து என் கை வெந்ததுதான் மிச்சம். தம்ளரின் அடியில் காவிரி வண்டல்.

பி.காம். படித்தவனுக்குக் கணக்கு டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்தச் சாதனத்தின் முதல் காப்புரிமை 1852-ல் பாரிஸில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் பெற்றது. துளையிட்ட தகடு, கூடவே துணி, தள்ள ஒரு கம்பி. சிக்கல் ஒன்றுதான். தகடு பாத்திரச் சுவரோடு ஒட்டி இறங்காவிட்டால் சக்கை ஓரமாக மேலே ஏறிவிடும். இதற்கு வழி சொல்லிக் காப்புரிமை வாங்கியவர்கள் 1929-ல் மிலான் நகரத்து இத்தாலியர்கள், கலிமானியும் மொனேட்டாவும். 1958-ல் ஃபலியெரோ பொண்டானினி என்பவர் இன்னொரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது பிரான்சின் நார்மண்டியில், கிளாரினெட் வாத்தியம் செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் தயாராகி, ஷாம்போர் என்ற பெயரில் விற்றது. 1991-ல் அந்த நிறுவனத்தை டென்மார்க்கில் பிறந்த போடம் கம்பெனி வாங்கியது. ஆக, பெயரில்தான் பிரெஞ்சு. பாதி உழைப்பு இத்தாலிக்காரர்களுடையது.

என் தப்பும் புரிந்தது. பிரஸ்ஸில் தூள் முழுசாகத் தண்ணீரில் ஊறுகிறது. அதற்கு ரவை போலக் கொரகொரப்பான தூள் வேண்டும், சிக்கரி இல்லாமல். நைஸான தூள் சல்லடையை அடைத்துக்கொள்ளும், தப்பியது தம்ளருக்கு வந்துவிடும். நம் ஃபில்டரில் யாரும் எதையும் தள்ளுவதில்லை. தண்ணீர் தன் கனத்தால் மெதுவாக இறங்குகிறது, தூள் படுக்கையே வடிகட்டியாகிவிடுகிறது. அதனால்தான் நைஸாக அரைக்கிறார்கள்.

இனிமேல்தான் எனக்கு ஆச்சரியம். இந்த இரண்டடுக்குச் சொட்டு முறையும் பிரான்சில் பேர் வாங்கியதுதான்! 1800 வாக்கில் அங்கே புழக்கத்துக்கு வந்த சொட்டுப் பாத்திரத்துக்கு, பாரிஸ் பேராயராக இருந்த டி பெல்வாவின் பெயரைச் சொல்கிறார்கள். மேலே துளைத்தட்டில் தூள், கீழே சாறு. அம்மாவின் ஃபில்டரும் அதே தத்துவம்தான்.

சிக்கரி கதையும் அந்தப் பக்கம்தான் போகிறது. 1806-ல் நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்துக்குத் தடை போட்டார். கடல் வழி காப்பிக்கொட்டை வரத்து அடிபட்டது. முன்பே தெரிந்திருந்த சிக்கரி வேரை வறுத்து, அரைத்துக் குடிக்கும் பழக்கம் அப்போது பெருகியது. தடை போன பிறகும் நாக்கு அதை விடவில்லை.

அந்தச் சிக்கரி நம் நாட்டில் எங்கே விளைகிறது? குஜராத்தில் ஜாம்நகர் பக்கம். அப்புறம் உத்தரப் பிரதேசத்தில் ஏட்டா, காஸ்கஞ்ச், அலிகார்! என் கிளைக்குப் பயிர்க்கடன் கேட்டு வருபவர்களில் சிலர் அதைத்தான் போடுகிறார்கள். முள்ளங்கி மாதிரி நீளமான வேர். ஃபைலில் 'சிக்கரி' என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நம் வீட்டு டப்பாவில் இருப்பது அதுதான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. மிச்சம் 49 வரை சிக்கரி இருக்கலாம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். வந்த நாளிலிருந்து "இந்த ஊர்ல பால் சரியில்லை, தண்ணி சரியில்லை" என்று புலம்புகிறவள் அவள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ நம்மாத்துக் காப்பியில பாதி இந்த ஊரா?"

"பாதி கூட இல்லம்மா. கொஞ்சம்."

"இங்க விளைஞ்சு, அங்க போய், திரும்ப இங்க வந்திருக்கா?"

"நம்மள மாதிரியே ஊர் சுத்திட்டு."

சிரித்தாள். காப்பியே நம் வீடுகளுக்குப் பழைய சொத்து கிடையாது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஒரு புத்தகத்துக்குப் பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. இரண்டு மூன்று தலைமுறை தினமும் விடிகாலையில் எழுந்து போட்டதில் அது நம்முடையதாகிவிட்டது. இந்த வரலாற்றில் எனக்குப் பட்டது இவ்வளவுதான்.

இப்போது வீட்டில் ஒரு உடன்படிக்கை. பொடி போட்டு, குடையை வைத்து அமுக்குவது அம்மா. அந்தப் பதம் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. கொதிநீர் ஊற்றுவது நான். அதற்காக 5 மணிக்கு எழுந்திருக்கிறேன், 46 வயதில் முதல்முறையாக. பிரஸ் ஞாயிற்றுக்கிழமைக்கு. சிக்கரி இல்லாத கொரகொரப்புத் தூளை மகளே அனுப்புகிறாள். பால் விடாமல் நான் குடிப்பதைப் பார்த்து, "கஷாயம் குடிக்கிறான்" என்று அம்மா தங்கமணியிடம் சொல்கிறாள்.

உங்கள் ஊரில் டிகாக்ஷன் யார் பொறுப்பு? சொல்லுங்கள்.