பறையும் கிதாரும்

வாத்தியத்தின் வரலாறு அதை வாசித்த மக்களின் வரலாறேயாகும். பறையைச் சாவீட்டுக்கு அழைத்த சமூகம், அதனை முழக்கியவரைக் கோயில் வாசலில் தடுத்தது. அத்தகைய தடையை எதிர்த்தே 1968இல் நமது மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது.

அரை நூற்றாண்டின் பின், 2018 ஜனவரி 6ஆந் திகதி, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறிற்று. திரைப்பட நெறியாளர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு அது. சாதியில்லாத் தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தே அதன் பெயராயிற்று. முதல் இசைத்தொகுப்பான 'மகிழ்ச்சி' அவ்வாண்டே வெளிவந்தது. கானாவும் பறையும் ராக் கிதாரோடு அங்கே சரிசமமாய் ஒலித்தன. ராக் இசையின் வேரும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களிலேதான் உள்ளது. ஒடுக்கப்பட்டோரின் இரு குரல்கள் அங்கே சந்தித்தன.

மேடைப் பறைக்குக் கைதட்டல் எளிது. அதனை முழக்குபவரோடு ஒரே பந்தியில் அமர்வதே நமக்குரிய பரீட்சை.